ஐசி-யைக் கழட்டுறதுக்கு முன்னாடி

உங்ககிட்ட ஒரு கேள்வி. லேப்ல சர்க்யூட் வேலை செய்யலன்னா முதல்ல என்ன செய்வீங்க? உண்மையைச் சொல்லுங்க. ஐசி-யைக் கழட்டிட்டு வேற ஒண்ணு போடுவீங்க. அப்பவும் வரலன்னா பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதி, கிராஃப் போட்டு, கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பிடுவீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தப் பழக்கத்தை நமக்குச் சொல்லிக் கொடுக்கிறதே லேப்தான் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

எனக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. வீட்டுல ஆச்சிக்குக் காது மந்தம். ஆதிநாதர் கோயில் மணி கேட்கும், பக்கத்துல உட்கார்ந்து நாம பேசுறது கேட்காது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற நாள் தள்ளிக்கிட்டே போச்சு. அதுவரைக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செஞ்சு கொடுக்கலாம்னு லீவுல உட்கார்ந்தேன். ஒரு கண்டென்சர் மைக், 741 ஆப்-ஆம்ப், அதுக்குப் பிறகு இயர்ஃபோனை ஓட்ட எல்எம்386, ஒரு 9 வோல்ட் பேட்டரி. 741 சுற்றை லேப் ரெக்கார்டுல இருந்தே எடுத்தேன். முழு மார்க் வாங்கின சுற்று அது!

காதுல வச்சா வெறும் கரகரப்பு. பேச்சு இருக்கு, ஆனா ஒரு சொல்லும் புரியல. ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். "ஏலே, ஐசி போயிருக்கும், மாத்திப் பாரு"ன்னான். ரயிலேறித் திருநெல்வேலி போய் மூணு 741 வாங்கிட்டு வந்தேன். மூணும் அதே கரகரப்பு. ரெண்டு நாள் போச்சு.

மூணாவது நாள்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். 7-ம் காலில் 9 வோல்ட், 4-ம் காலில் பூஜ்யம். சப்ளை சரி. 3-ம் காலில் பூஜ்யம், அவுட்புட்டான 6-ம் காலில் 2 வோல்ட்டுக்கும் கீழே. அப்பதான் உறைச்சது. லேப்ல நமக்கு பிளஸ் 15, மைனஸ் 15 சப்ளை. அங்க கிரவுண்டுங்கிறது நடுப்புள்ளி. பேட்டரியில அதே கிரவுண்டு அடிமட்டம். அலை கீழே இறங்க இடமே இல்ல, பாதி அலை வெட்டுப்படுது. ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வச்சு 9 வோல்ட்டைப் பாதியாக்கி, அந்தப் புள்ளியில 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியா 3-ம் காலுக்கு 4.5 வோல்ட் கொடுத்தேன். மைக் சிக்னல் ஒரு கெப்பாசிட்டர் வழியா அதே காலுக்கு வருது.

மறுபடி அளந்தா 6-ம் காலில் 8 வோல்ட்! இப்போ மேல போய் ஒட்டிக்கிச்சு. காரணம் இதுதான்: கெயின் 101. கிரவுண்டுக்குப் போற 1 கிலோ ஓம் நேரடியா இருந்ததால 4.5 வோல்ட்டையும் சேர்த்தே நூறு மடங்காக்கப் பார்க்குது. அந்த ரெசிஸ்டரோட வரிசையில ஒரு 10 மைக்ரோஃபாரட் போட்டதும் 6-ம் காலில் 4.5 வந்து நின்னுச்சு. பேச்சும் தெளிஞ்சுது. கடைசியா டுப்பு டுப்புன்னு ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. எல்எம்386 இழுக்கிற கரண்ட்ல பேட்டரி வோல்டேஜ் ஆடுறதுதான் காரணம். சப்ளைக்குக் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட்டும் ஐசி பக்கத்துல ஒரு 0.1-ம் வச்சதும் அதுவும் அடங்கிடுச்சு.

வேலை முழுசா முடிய ஒரு மணி நேரம்தான். கழட்டிப் போட்ட 741 எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு உண்டு. நம்மாழ்வார் புளியமரத்தடியில பதினாறு வருஷம் பேசாம இருந்தார். மதுரகவி வந்தவர் முதல்ல ஒரு கல்லைப் போட்டு, சத்தத்துக்குக் கண் திறக்கிறாரான்னு பார்த்தார். அப்புறம்தான் கேள்வி கேட்டார், பதிலும் வந்தது. சர்க்யூட்டும் அப்படித்தான். உயிர் இருக்கான்னு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு காலா கேளுங்க. பதில் சொல்லும்.

741 பிறந்த கதையும் இதேதான். 1965-ல ஃபேர்சைல்டு கம்பெனியில பாப் விட்லர் செஞ்ச 709-க்கு வெளியே கெப்பாசிட்டர் போட்டுச் சரிக்கட்டலன்னா ஆசிலேட் ஆகும். அவுட்புட் ஷார்ட் ஆனா கெட்டும் போகும். இந்தக் குறைகளைப் பார்த்து டேவ் ஃபுல்லாகர் 30 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரை ஐசி-க்குள்ளேயே வச்சார், ஷார்ட்டுக்கும் பாதுகாப்பு கொடுத்தார். 1968-ல 741 வந்தது. எங்க தப்பாகுதுன்னு ஒருத்தர் பொறுமையா பார்த்ததால வந்த ஐசி-யை வச்சுக்கிட்டு, நாம தப்பை மறைக்கக் கத்துக்கிறோம்.

அதனால என் யோசனை: செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப் வகுப்புல, ஓடுற சர்க்யூட்ல சீனியர்கள் வேணும்னே ஒரு தப்பு வைக்கட்டும். அறுந்த வயர், தப்பான ரெசிஸ்டர், விட்டுப்போன கிரவுண்டு, எதுவானாலும் சரி. எந்த வரிசையில தேடினோம்ங்கிறதுக்கு மார்க் கொடுங்க. ரெக்கார்டுல ஒவ்வொரு சோதனைக்கும் 'என்ன தப்பாச்சு' என்று அரைப் பக்கம் விடுங்க.

சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லன்னு சார்மார் சொல்லுவாங்க. நியாயம்தான். ஆனா காப்பி அடிச்ச பத்து கிராஃபை விட, சொந்தமா கண்டுபிடிச்ச ஒரு தப்பு அதிகம் சொல்லித் தரும். வேலைக்குப் போனாலும் ஓடுற சர்க்யூட்டை யாரும் நம்ம கையில கொடுக்கப் போறதில்ல. ஓடாததுதான் வரும்.

அன்னைக்குச் சாயங்காலம் வால்யூமை நல்லாக் குறைச்சு வச்சு ஆச்சி காதுல மாட்டினேன். பழக்கத்துல சத்தமா "ஆச்சி"ன்னு கூப்பிட்டேன். "ஏம்ல இப்படிக் கத்துத?"ன்னு ஒரு திட்டு விழுந்துச்சு.

அடுத்த தடவை உங்க சர்க்யூட் ஓடலன்னா, ஐசி மேல கை வைக்காதீங்க. மீட்டரை எடுங்க.