கைக்குத் தெரியாத சூடு

புனேவுக்குக் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி மும்பைக்கு 150 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் 1946இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் இந்த ஊர்க்காரர்தான். நம் கிணற்று மேடுகளில் தடதடத்துத் தண்ணீர் இறைத்த டீசல் என்ஜின்களில் பல இங்கே பிறந்தவை. படகு என்ஜின்களும் இங்கே தயாராகின்றன.

அதனால் தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கும் இந்த ஊரில் என்ஜின் சார்ந்த பிழைப்பு உண்டு. சமீபத்தில் ஒரு பராமரிப்புக் கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்தது. அதில் ஒரு பத்தி என்னைப் பாடாய்ப்படுத்தியது. அகச்சிவப்பு வெப்பமானியைக் கொண்டு படகு என்ஜினின் சூட்டைக் கண்காணிப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

2020இல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கியின் அண்ணன் இது. தம்பிக்குக் காய்ச்சல் மட்டுமே தெரியும். அண்ணன் 300 டிகிரியைத் தாண்டியும் அளப்பான். எந்தப் பொருளும் தன் சூட்டுக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசுகிறது. சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் இருட்டில் வெப்பமானியை வைத்து, 1800இல் அதைக் கண்டறிந்தார் வில்லியம் ஹெர்ஷல். அந்தக் கதிரை அளந்து டிகிரியாகச் சொல்வதுதான் கருவியின் வேலை. தொட வேண்டியதில்லை.

இங்கேதான் 'உமிழ்திறன்' என்ற சொல் வந்தது. நல்ல தமிழ் என்ற பெருமிதத்தோடு, மண்டபத்தில் விசைப்படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "உமிழ்றதுன்னா துப்புறதா சார்?" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவரிடம் அந்தத் துப்பாக்கி இருக்கிறது. பளபளக்கும் எஃகுக் குழாயில் காட்டினார், 41 டிகிரி. நம்பித் தொட்டார். உள்ளங்கை வெந்துவிட்டது.

கருவி பழுதல்ல. பளபளப்பான உலோகம் தன் கதிரைக் கொஞ்சமாகத்தான் வீசும். சுற்றியிருப்பவற்றின் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பிவிடும். கருவி அதையும் சேர்த்துப் படித்து, சூடான குழாயைக் குளிர்ந்தது என்கிறது. மருந்து எளிது. அளக்கும் இடத்தில் மங்கலான கறுப்புப் பெயின்ட், மிகச் சூடான இடமென்றால் வெப்பம் தாங்கும் பெயின்ட், ஒரு பொட்டு. தூரமும் முக்கியம். 12:1 என்று குறித்த கருவி 12 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 1 சென்டிமீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். தள்ளிப் போகப் போக வட்டம் பெருத்து, பக்கத்தில் இருப்பதும் கணக்கில் சேரும். சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும்தான்.

பயன் என்ன? தினமும் அதே இடங்களில், அதே வேகத்தில் அளந்து நோட்டில் எழுதினால் என்ஜின் பேசத் தொடங்கும். ஒரு சிலிண்டரின் புகைவாய் மட்டும் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கே டீசல் சரியாக எரியவில்லை என்று சந்தேகிக்கலாம். புகையோடு கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் படகுகளில் புகைக்குழாய் நேற்றைவிடச் சுடுகிறதென்றால், வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கலாம். பம்பின் ரப்பர் சக்கரம் இதழ் உதிர்ந்திருக்கலாம். கருவி காட்டுவது மேற்பரப்பின் சூட்டைத்தான். ஆகவே ஒரு நாள் எண்ணைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே செய்தி.

லாரி சூடேறினால் ஓரங்கட்டி நிறுத்தலாம். பாக் நீரிணையில் ஏது ஓரம்? 1974, 1976 உடன்படிக்கைகளில் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. என்ஜின் இறுகிப்போன படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டினால் ரோந்துப் படகு வரும். ரப்பர் சக்கரம் உடைந்த கதையை நம்புவார்களா என்பது அவர்கள் மனத்தைப் பொறுத்தது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது சிறை, படகுப் பறிமுதல், கடன் எல்லாம்தான்.

எனவே என் அருமைச் சொல்லை அடித்தேன். 'பளபளக்கும் இடத்தில் அளக்காதீர்கள். கறுப்புப் பொட்டு வைத்து அதில் அளந்து எழுதுங்கள்' என்று மாற்றி மீண்டும் படித்துக் காட்டினேன்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என் கை தப்பிச்சிருக்கும் சார்" என்றார்.

உமிழ்திறன் நல்ல சொல்தான். பாடநூலில் இருக்கட்டும். என்ஜின் அறையில் பொட்டு போதும்.