சரக்கைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

வங்கியில் இருபத்து மூன்று வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு உருப்படியாக வந்த வித்தை ஒன்றுதான். ஒரு கையெழுத்து பார்த்துப் போட்டதா, சும்மா போட்டதா என்று சொல்லிவிடுவேன்.

போபாலுக்கு மாற்றலாகி வந்தபின் மகளுக்கு இந்தப் பக்கமே மருத்துவ சீட் கிடைத்தது. இப்போது கடைசி வருடம். போன மாதம் லீவில் வந்தவளின் லாக் புக்கைப் புரட்டினேன். என்ன செய்தாள், எந்தத் தேதியில், எதிர்பார்த்த அளவுக்கு இருந்ததா, மறுபடி செய்ய வேண்டுமா என்று எல்லாவற்றுக்கும் கட்டம். பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்து. நல்ல ஏற்பாடு. ஆனால் நான்கு மாதத் தேதிகளுக்கும் ஒரே பேனா, ஒரே மை!

"இதெல்லாம் செஞ்சியாம்மா?"

"பாதி செஞ்சேன்ப்பா. மீதி நின்னு பார்த்தேன். கடைசி நாள் எல்லாரும் மொத்தமா கொண்டுபோய் வெச்சோம், சார் போட்டுட்டார்."

எனக்கு குடோன் ஞாபகம் வந்தது. குடோனுக்குள் போகாமல், பார்ட்டி ஆபீசில் டீ குடித்துவிட்டு ஸ்டாக் ரிப்போர்ட்டில் கையெழுத்து போட்டவர்களை எனக்குத் தெரியும். மூட்டைக்குள் உமி என்பது கடன் வாராக்கடன் ஆனபிறகுதான் தெரியும். அங்கே போனது பணம். இங்கே?

விதியைக் குறை சொல்ல முடியாது. 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நாடு முழுக்கத் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. மனப்பாடம் போதாது, செய்து காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பொம்மையில் பழக ஸ்கில் லேப், நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனிப்பாடம், வருடம் முழுக்க அகமதிப்பீடு, அதில் தேறினால்தான் பல்கலைக்கழகத் தேர்வு என்றெல்லாம் அழகாகவே எழுதியிருக்கிறார்கள்.

பேராசிரியரை மட்டும் திட்டியும் பயனில்லை. ஒரு வகுப்பில் 150, 200 பேர். வார்டு வேலை வேறு. பிள்ளைகளின் கண்ணோ முதுநிலை நீட் மேல். 200 கேள்வி, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, தப்பானால் மைனஸ் ஒன்று. பயிற்சி மருத்துவராக வார்டில் கற்க வேண்டிய ஒரு வருடமும் அதற்கான வீடியோ வகுப்பில் கரைகிறது. எதற்கு மார்க்கோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். செய்முறையையும் சேர்த்துச் சோதிக்க இருந்த நெக்ஸ்ட் தேர்வும் 2023-ல் தள்ளிவைக்கப்பட்டது.

அப்படியானால் அகமதிப்பீட்டு மார்க்கை முதுநிலைச் சேர்க்கைக்கும் கணக்கில் எடுக்கலாமே என்றான் நண்பன் ஒருவன். எனக்குச் சம்மதமில்லை. மார்க் போடுபவர் கையில் மாணவனின் தலையெழுத்தையும் கொடுத்தால் என்னென்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

எங்கள் இன்ஸ்பெக்டர்கள் செய்வதே போதும். ஆயிரம் வவுச்சரில் பத்தை உருவிப் பார்ப்பார்கள். எந்தப் பத்து என்று தெரியாததால் ஆயிரமும் ஒழுங்காக இருக்கும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு வெளியிலிருந்து பரீட்சகர் வருகிறாரே, அவர் லாக் புக்கில் ஏதாவது மூன்று வரியைத் தொட்டு, "இதைச் செய்து காட்டு" என்று சொல்லட்டும். மேஜை மேஜையாக நிறுத்தி, செய்வதைப் பார்த்தே மார்க் போடும் ஓஸ்கி முறையை ஸ்காட்லாந்தில் ஹார்டன் 1975-லேயே எழுதிவிட்டார். நம் கல்லூரிகளுக்கும் அது புதிதல்ல. லாக் புக்கோடு அதை முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான். செய்து காட்ட முடியாவிட்டால் மாணவரைப் பழகிவிட்டு வரச் சொல்லலாம். கையெழுத்து போட்டவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

மகளின் புத்தகத்தில் மூன்று வரி இன்னும் காலி. "செஞ்சிட்டு வாங்கு" என்றேன். "ஊரோடு ஒத்து வாழத் தெரியாதா உங்களுக்கு? இதனால பரீட்சைக்கே விடலைன்னா?" என்றாள் மனைவி. அந்தப் பயம் எனக்கும் உண்டு. மகள் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஸ்கில் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று தோழிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளிமாநிலத்தில் பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். மார்க் ஷீட்டோடு ஒருதரம் லாக் புக்கையும் வாங்கிப் பாருங்கள். நாளைக்கு யாரோ ஒருவரின் கையில் ஊசி ஏற்றப் போவது நம் வீட்டுப் பிள்ளைதான்.