நூலகம் சொல்லும் பெயர்

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வகையைத் தலைப்பிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு மூலிகை, அதன் மெத்தனால் சாறு, ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஒரே ஓட்டம். பிறகு நிஸ்ட் நிறமாலை நூலகம் தந்த பெயர்களின் நீண்ட அட்டவணை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘புற்றுநோய் எதிர்ப்பு’, ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று வேறெங்கோ எடுத்த குணம். ஹெக்ஸாடெகனாயிக் அமிலம் தவறாமல் இருக்கும். சமையலறைப் பாமாயிலை ஓட்டினாலும் அதுதான் வரும்!

தாலேட்டுகளும் அடிக்கடி இடம்பிடிக்கின்றன. நிறமாலையில் 149 ஓங்கி நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கரைப்பான் கேனையும் பிளாஸ்டிக் குழாயையும். 73, 207, 281 சேர்ந்து தெரிந்தால் பிரிப்புக் குழலிலிருந்தோ செப்டத்திலிருந்தோ கசியும் சிலாக்சேன். செடி சேர்க்காத வெறும் கரைப்பானை அதே படிகளில் கொண்டுபோய் வெற்றோட்டமாக ஓட்டியிருந்தால் இவற்றில் பாதி அட்டவணைக்கே வந்திருக்காது. கொழுப்பமில மெத்தில் எஸ்டர்கள் இலையில் இருந்தனவா, மெத்தனாலில் ஊறியபோது உருவானவையா என்பதையும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு, சிலைலேற்றம் செய்யாமல் ஜி.சி.யில் எளிதில் தலைகாட்டாது. ஃபிளவனாய்டு கிளைக்கோசைடுகளும் அப்படித்தான். செடியின் முக்கியச் சேர்மங்கள் நுழைய முடியாத கருவியில் அதன் மருத்துவ குணத்தைத் தேடுகிறோம்.

எல்.சி.-எம்.எஸ்.ஸுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? எதிர்மின் முறையில் 431 என்ற அயனியை எடுத்துக்கொள்வோம். வைடெக்சின், ஐசோவைடெக்சின், அபிஜெனின்-7-குளுக்கோசைடு மூன்றுக்கும் ஒரே வாய்பாடு. எத்தனை தசமம் வரை அளந்தாலும் எடையில் வித்தியாசம் தெரியாது. உடைத்துப் பார்த்தால் கொஞ்சம் பிடி கிடைக்கும். 162 இழந்து 269 அருகே வந்தால் சர்க்கரை ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருக்கிறது. 120 இழந்து 311 தந்தால் கார்பன் வழியாக. அந்தக் கார்பன் 6-ஆம் இடமா, 8-ஆம் இடமா? துண்டுகளின் விகிதம் ஓரளவு துப்புத் தரும். உறுதியாகச் சொல்ல, அதே பிரிப்புக் குழலில், அதே நாளில் ஓட்டிய தரமாதிரி வேண்டும்.

பிரிதிறன் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டினுக்கு உயர்பிரிதிறன் நிறமாலையை எம்.ஐ.டி.யின் கிளாஸ் பீமன் குழு 1964-இல் வெளியிட்டது. அதன் நிறை 810. சூடாக்கி ஆவியாக்கும்போது ஒரு மூலக்கூறின் மெத்தில் இன்னொன்றுக்குத் தாவி 824-லும் உச்சம் எழும். அதே செடியிலுள்ள வின்கிரிஸ்டினின் நிறையும் 824! இரண்டுக்கும் இடைவெளி 0.036 மட்டுமே. முழு எண்ணோடு நிறுத்திக்கொள்பவர், கருவிக்குள் பிறந்ததைச் செடியின் கணக்கில் எழுதிவிடுவார்.

வளர்சிதைமப் பகுப்பாய்வுக்கான தரநிர்ணய முயற்சி 2007-இலேயே அடையாளத்தை நான்கு நிலைகளாகப் பிரித்துவிட்டது. தரமாதிரியோடு ஒப்பிட்டது நிலை 1. நூலக ஒப்புமை மட்டும் இருந்தால் நிலை 2. வகை மட்டும் தெரிந்தால் 3. எதுவும் தெரியாதது 4. அடுத்த இதழ் முதல் ஒவ்வொரு அட்டவணையிலும் இந்த நிலைக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும். ஜி.சி. முடிவுகளுக்கு ஆல்கேன் வரிசை கொண்டு கணக்கிட்ட தக்கவைப்புக் குறியெண்ணும், எல்லாவற்றுக்கும் வெற்றோட்டத்தின் படமும் தேவை.

தரமாதிரி சில மில்லிகிராம் வாங்கவே கல்லூரி நிதி போதாது என்று பலர் எழுதுகிறார்கள். நியாயம்தான். ஆனால் ஆல்கேன் கலவை ஒரு முறை வாங்கினால் நெடுநாள் வரும். வெற்றோட்டத்துக்குக் கரைப்பானும் அரை மணி நேரமும் போதும். நிலை 3 என்று நேர்மையாக எழுதிய கட்டுரையை அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம். தரமாதிரி ஓட்டாமல் நிலை 1 என்று எழுதியது திரும்பி வரும்.

ஹெர்பேரியம் எண்ணும் கட்டாயம். சந்தையில் கீழாநெல்லி என்று விற்கும் கட்டில் பல பில்லாந்தஸ் இனங்கள் கலந்திருக்கும். எதைச் சாறெடுத்தோம் என்று தெரியாத கட்டுரை இனி மதிப்பீட்டாளர் மேசைக்குப் போகாது.