வண்டி போகட்டும், வாடிக்கையாளர் நிற்கட்டும்



கேளம்பாக்கம் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்துபவன் நான். வடக்கே சென்னை, தெற்கே திருப்போரூர், மேற்கே வண்டலூர், கிழக்கே கோவளம் என நான்கு திசைக்கும் சாலை பிரியும் ஊர் இது. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம்.

காலையில் போணி பெரும்பாலும் டீக்கடைக்காரர் வாங்கும் சர்க்கரைதான். அடுத்து, கட்டட வேலைக்கு வந்துள்ள வடமாநிலத்தார் உருளைக்கிழங்கும் கடுகு எண்ணெயும் கேட்டு வருவார்கள். ஒரு காலத்தில் கடுகு எண்ணெய்க்கு என் கடையில் இடமே இல்லை. இன்று அது தவறாமல் வைக்கும் சரக்கு. மீன் விற்றுத் திரும்பும் அம்மாக்கள் காலிக் கூடையில் புளியும் மிளகாய்த் தூளும் வாங்கிப் போவார்கள். மாலையில் சிறுசேரி கம்பெனி வண்டிகள் வரிசையாக வரும். கிருத்திகை என்றால் திருப்போரூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் கூட்டம் வேறு.

இந்த ஊரில் வணிகர்கள் நாலு பேர் கூடினால் புறவழிச்சாலைப் பேச்சு வந்துவிடும். படூருக்கும் தையூருக்கும் இடையே கேளம்பாக்கத்தைச் சுற்றிப் போகும் சாலைக்குத் திட்டம் வகுக்கப்பட்ட நாள் முதலே, "வண்டி வெளியே போனால் வியாபாரமும் வெளியே போய்விடும்" என்ற கவலை பலருக்கு உண்டு. அடியேனின் கருத்து வேறு.

என் சிட்டையைப் புரட்டிப் பார்த்தேன். காரில் போகிறவர் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போய்விடுகிறார். பெரும்பாலோர் நிற்பதே இல்லை. நிறுத்த இடமும் இல்லை. மாதச் சாமான் வாங்குகிறவர், பற்று வைத்துச் சம்பள நாளில் தீர்க்கிறவர், தீபாவளிக்குச் சீட்டுக் கட்டுகிறவர் எல்லாரும் நடந்தோ சைக்கிளிலோ இரு சக்கர வண்டியிலோ வருகிற உள்ளூர் மக்கள். கல்லாவை நிரப்புகிறவர்கள் அவர்களே.

புறவழிச்சாலையால் படுத்துப்போன ஊர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சென்ற 66ஆம் எண் நெடுஞ்சாலையில், அரிசோனா மாநிலத்தில் செலிக்மேன் என்றொரு சிற்றூர். வழிப்போக்கரை நம்பியே கடைகளும் விடுதிகளும் நடந்தன. 1978 செப்டம்பரில் புதிய பெருஞ்சாலை ஊருக்கு வெளியே திறக்கப்பட்டதும் தெரு வெறிச்சோடியது. ஆனால் அவ்வூர் முடிதிருத்தும் கடைக்காரர் ஏஞ்சல் டெல்காடியோ சும்மா இருக்கவில்லை. 1987இல் மற்ற வணிகர்களையும் சேர்த்துச் சங்கம் அமைத்து, பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அரசு அறிவிக்கும்படி செய்தார். இறங்கிப் பார்க்க ஒரு காரணம் கிடைத்ததும் மக்கள் திரும்பி வந்தார்கள். வழிப்போக்கரை மட்டும் நம்பிய ஊரே மீண்டபோது, உள்ளூர் வாடிக்கையாளர் சூழ்ந்திருக்கும் நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. சில மாதங்களுக்கு முன் என் கடை வாசலில் வயதான அம்மா ஒருவர் தடுக்கி விழுந்தார். கால்வாய் மூடிமேல் நான் அடுக்கி வைத்திருந்த வெங்காய மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு அவர் சாலையில் இறங்க வேண்டியிருந்தது. பின்னால் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டதால் உயிர் தப்பினார். நெற்றியில் ரத்தத்தோடு எழுந்த அவர் என்னைத் திட்டவில்லை. "உப்பு ஒரு பாக்கெட் கொடுப்பா" என்றார். அன்றிரவே மூட்டைகளை உள்ளே இழுத்துவிட்டேன். கடை குறுகியது உண்மை, வியாபாரம் குறையவில்லை.

நெரிசலுக்குப் பூக்காரம்மாவையும் ஆட்டோக்காரரையும் குறை சொல்வது எளிது. நம் தட்டியும் விளம்பரப் பலகையும் எங்கே நிற்கின்றன என்று முதலில் பார்ப்போம். வாசலில் நிற்க இடமில்லாத வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார். வீட்டிலிருந்தே கைப்பேசியில் சாமான் வரவழைத்துக்கொள்வார். நமக்குத் தெரியாமலே ஒரு பற்றுக் கணக்கு முடிந்துவிடும்.

ஆகவே சங்கத்தின் பார்வைக்கு மூன்று கோரிக்கைகள். ஒன்று, எந்தக் கடையின் சரக்கும் கால்வாயைத் தாண்டக் கூடாது என்று நாமே தீர்மானம் போடுவோம். இரண்டு, லோடு இறக்குவதை அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளும்படி மொத்த வியாபாரிகளிடம் பேசுவோம். மூன்று, பாதசாரிகள் கடக்க வெள்ளைக் கோடும், பேருந்துக்குக் காத்திருப்போருக்கு நிழலும் கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் மனுக் கொடுப்போம். முதல் இரண்டையும் செய்துவிட்டுப் போனால்தான் மூன்றாவதைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

வேகமாகப் போகிற வண்டி வெளியே போகட்டும். நடந்து வருகிறவர் நம் வாசலில் நிம்மதியாக நிற்கட்டும்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!