கோமாளி மீன் யாரோட கண்டத்தையும் வாங்கிக்கிறதில்லை

"மீன் செத்துப் போச்சா? விடுங்க, வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு."

இந்த வசனத்தை முதல்ல சொன்ன புண்ணியவானுக்கு மீன் கடைக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு சிலையே வைக்கலாம். வித்த பொருள் மூணு வாரத்துல செத்துப் போகுது. வாங்கினவர் சண்டைக்கு வரல. நிம்மதிப் பெருமூச்சு விட்டுட்டு இன்னொரு ஜோடி வாங்கிட்டுப் போறார். மிக்சி கடைக்காரருக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் உண்டா சொல்லுங்க?

தங்கமீன் வளர்க்கிற வரைக்கும் இதைக் கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிட்டிருந்தேன். இப்ப நம்ம பக்கமும் உப்புத்தண்ணி தொட்டி வந்தாச்சு. கோரைப்பாய்க்கும் 1760 சண்டைக்கும் பேர் போன வந்தவாசியில கடல் மீனா, கடலுக்கே திண்டிவனம் வழியா மரக்காணம் வரைக்கும் போகணுமேன்னு கேக்காதீங்க. வந்துடுச்சு. எல்லாருக்கும் அந்த ஆரஞ்சுக் கலர்ல வெள்ளைப் பட்டை போட்ட 'நீமோ' தான் வேணும். நான் ஒரு தொட்டி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து, மீனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு போன் மேல போன்.

போன மாசம் ஆரணியில பட்டுக்கடை வெச்சிருக்கிற என் மாமா பையன் கூப்பிட்டான். "மச்சான், சின்ன மீனுக்கு வலிப்பு வந்துருச்சுடா. பெருசு கிட்ட வந்தா உடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. கடைல கேட்டேன், நீல மருந்து ஊத்தச் சொல்றாங்க."

வலிப்பு இல்லைங்க அது. கும்பிடு! கோமாளி மீன் கூட்டத்துல ஒரே ஒரு பொம்பளை தான், அவங்க தான் தலைவி, உருவத்துலயும் பெரியவங்க. அடுத்தது அவங்க வீட்டுக்காரர். மிச்சம் இருக்கிற பொடிசுங்க எல்லாம் இன்னும் ஆணும் ஆகாம பொண்ணும் ஆகாம வரிசையில நிக்கிற ஆளுங்க. பெருசு முறைச்சா சிறுசு உடம்பைச் சாய்ச்சு நடுங்கிக் காட்டும். 'அம்மா தாயே, உன் இடம் எனக்கு வேணாம்'னு அர்த்தம். நம்ம ஊர் அரசியல் கூட்டம் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம் :-)

தலைவி செத்தா வீட்டுக்காரர் பொம்பளையா மாறிடுவார். வரிசையில முதல்ல நிக்கிறவர் புது மாப்பிள்ளை. ஹான்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கேன்னு ரெண்டு பேர் 1977லயே நேச்சர் பத்திரிகையில எழுதிட்டாங்க. 2003ல வந்த அந்தப் படத்துல அம்மா செத்ததும் அப்பா தானே பையனைத் தேடிப் போறார்? நிஜக் கடல்னா அந்த அப்பா அம்மாவா மாறியிருப்பார். டிஸ்னிக்காரன் அதையெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லுவானா...

இன்னொரு புகார், "ஒண்ணு வளருது, ஒண்ணு வளரவே மாட்டேங்குது, புழு இருக்குமோ?" பீட்டர் பஸ்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் 2003ல நேச்சர்ல தான் எழுதினார். பப்புவா நியூ கினியில இந்த மீன்களை அளந்து பார்த்தார். கீழ இருக்கிற மீன் தனக்கு மேல இருக்கிற மீனை விட ஒரு அளவு சின்னதாவே இருக்கும்படி தன் வளர்ச்சியைத் தானே நிறுத்தி வெச்சுக்குது. பெருசாகிப் போட்டிக்கு வந்துட்டான்னு தெரிஞ்சா அடிச்சுத் துரத்திடுவாங்க, துரத்தினா வேற மீன் கிட்ட மாட்டிச் சாகணும். அதனால அடக்கி வாசிக்குது. இதுக்குப் போய் பூச்சி மருந்து கொடுக்கறாங்க!

இதுல கொடுமை என்னன்னா, அடிச்சுக்குதுன்னு ரெண்டையும் மாசக்கணக்குல தனித்தனித் தொட்டியில பிரிச்சு வைக்கிறது. தனியா இருக்கிற ஆணுக்கு மேல யாரும் இல்ல. அதுவும் பொண்ணா மாற ஆரம்பிச்சுடும். மாறினது திரும்ப ஆணாகாது. அப்புறம் பாசமா ஒண்ணு சேர்த்து விட்டா ரெண்டு தலைவிங்க. ஒண்ணு சாகற வரைக்கும் சண்டை. அதுக்கும் பழி கண்டத்து மேல.

ராத்திரி மூலையில ஒருச்சாய்ச்சுப் படுத்துக் கிடக்கா? தூங்குது சாமி, லைட்டைப் போட்டு எழுப்பாதீங்க. அனிமோன்னு சொல்ற கடல் சாமந்தியை விட்டுட்டு பம்பைக் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கா? தொட்டியில பிறந்து வளர்ந்த மீன் சாமந்தியையே பார்த்திருக்காது, கிடைச்ச இடத்தை வீடாக்கிக்கும். கல்லைக் கொத்திக் கொத்தித் துடைக்குதா, கையை விட்டா பாய்ஞ்சு கடிக்குதா? வாழ்த்துகள், முட்டை போடப் போறாங்க. ஆண் பக்கத்துலயே நின்னு துடுப்பால விசிறிட்டு இருப்பார். ஒரு வாரம், பத்து நாள்ல இருட்டின பிறகு பொரியும். நடுவுல சில முட்டையை அவரே தின்னுட்டா 'ராட்சசன்'னு திட்டாதீங்க, பெரும்பாலும் கெட்டுப் போன முட்டையா இருக்கும்.

இதுக்கெல்லாம் மருந்து ஊத்தினா என்ன ஆகும்? நீல மருந்து, அதான் மெத்திலீன் ப்ளூ, அமோனியாவைத் தின்கிற பாக்டீரியாவையும் சேர்த்துப் பாதிக்கும். காப்பர் மருந்து சாமந்தியைக் கொன்னுடும். நல்லா இருந்த மீன் நாலு நாள் கழிச்சு அமோனியாவுல மூச்சு முட்டி மேல வந்து வாயைப் பிளக்கும். "பார்த்தீங்களா, அப்பவே சொன்னேன் நோய்னு" அப்படிம்பாங்க. வயித்தெரிச்சல்.

நிஜமாவே பயப்பட வேண்டிய அறிகுறியை மட்டும் யாரும் போன் பண்ணிச் சொல்றதில்லை. செவுள் படபடன்னு அடிக்கிறது, தீனியைத் திரும்பிப் பார்க்காதது, உடம்புல வெள்ளையா சளி மாதிரி உரியறது. அந்தச் சளி புரூக்லினெல்லான்னு ஒரு ஒட்டுண்ணியோட வேலையா இருக்கலாம், கோமாளி மீனை அதிகமாத் தாக்கும், சில நாள்லயே முடிச்சுடும். அதுக்கு வேற தொட்டியில மாத்தி வைத்தியம் பண்ணணும். இதை மட்டும் "டல்லா இருக்கு, சரியாயிடும்"னு விட்டுடறாங்க.

தண்ணியைச் சோதிக்கறாங்களான்னா அதுவும் கிடையாது. ஒருத்தர் கல்லுப்பைக் கரைச்சு ஊத்திட்டு 'கடல் தண்ணி தானே'ங்கறார். மரக்காணத்து உப்பளத்துல உப்பு விளையறதுக்கு முன்னாடியே கால்சியம் பெரும்பாலும் ஜிப்சமாப் பிரிஞ்சுடும், மெக்னீசியம் கழிவுத் தண்ணியோட போயிடும். மிச்சம் சாம்பாருக்குத் தான் ஆகும். மே மாச வெயில்ல தொட்டித் தண்ணி தினமும் ஒரு விரக்கடை குறையும். ஆவியாப் போறது தண்ணி மட்டும் தான், உப்பு உள்ளேயே நிக்குது. அதுக்கு மேல மறுபடியும் உப்புத்தண்ணி ஊத்தி நிரப்பினா மீன் ஊறுகாய் தான். நல்ல தண்ணி ஊத்தணும். புதுத் தொட்டியில பாக்டீரியா பிடிக்க ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். அது வரைக்கும் மீனே விடக் கூடாது. எந்தக் கடைல இதைச் சொல்லி, பணத்தோட வந்த ஆளைத் திருப்பி அனுப்பறாங்க?

சரி, ஒரு மீன் தானே, ஏன் இவ்வளவு குதிக்கறேங்கறீங்களா? இந்த மீன் தொட்டியில 20 வருஷத்துக்கு மேல கூட வாழும். உங்க பொண்ணு எல்கேஜி போகும்போது வாங்கினா காலேஜ் முடிக்கும்போதும் இருக்கும். அதை மூணு வாரத்துல சாகடிச்சுட்டு 'கண்டம்'னு சொன்னா, என்ன தப்புன்னு தேடவே மாட்டோம். அடுத்த ஜோடியும் அதே தண்ணியில தான் விழும். கடல்ல பிடிச்ச மீனா இருந்தா, எங்கியோ ஒரு சாமந்தியில வரிசை குலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். மன்னார் வளைகுடாவுலயும் ஒரு வகை கோமாளி மீன் இருக்கு, செபேன்னு பேரு. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழக மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கிற வித்தையைச் செஞ்சு காட்டிட்டாங்க. கடல்ல கை வைக்க வேண்டிய அவசியமே இல்ல. கடைல 'இது பண்ணையில பொரிச்சதா, கடல்ல பிடிச்சதா'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லத் தெரியலன்னா வெளிய வந்துடுங்க.

"பண்ணைக்காரன் மட்டும் உத்தமனா"ன்னு பின்னூட்டத்துல வரப் போற அண்ணாச்சிகளுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு, உடம்பை ஆட்டியே போட்டாச்சு. ஹி ஹி.

டிஸ்கி: ஆண் ஒண்ணு பெண் ஒண்ணுன்னு பார்த்து வாங்கித் தரச் சொல்லி இனி யாரும் கேக்காதீங்க. சின்னதா ரெண்டு, ஒண்ணை விட ஒண்ணு கொஞ்சம் பெருசா வாங்குங்க. யார் அம்மா, யார் அப்பான்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும். முதல் சில நாள் துரத்தல் இருக்கும், பெருசு விரட்டும், சிறுசு ஆடும். துடுப்பு கிழிஞ்சு ரத்தம் வராத வரைக்கும் போன் பண்ணாதீங்க மச்சான்ஸ்.