கூலியும் சந்தோஷமும்

பரிமாறியவருக்கும் பெட்டி சுமந்தவருக்கும் கூலிக்கு மேலாக நாம் மனமுவந்து கொடுப்பதை ஈழத்துப் பேச்சுவழக்குச் ‘சந்தோஷம்’ என்கிறது. அரபு வழிவந்த ‘இனாம்’ கொடுப்போன் கையை உயர்த்திக் காட்டும். சந்தோஷமோ இருவர் முகத்தையும் ஒருங்கே காட்டும். அழகிய சொல்!

1914 முதல், 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, அங்கிருந்து வந்த கப்பல்கள் தலைமன்னார் இறங்குதுறையிலே பயணிகளை இறக்கின. கப்பலுக்கும் கொழும்புப் புகைவண்டிக்கும் இடையே மூட்டை சுமந்தோர் கையில் வைத்த சில்லறையே அன்றைச் சந்தோஷம். அது கூலியின்மேல் வைத்த பூ, கூலியே அன்று.

இன்றோ நிலை வேறு. அண்மையில் மன்னாரில் ஓர் உணவுச்சாலையில் உண்டோம். பற்றுச்சீட்டிலே நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தது. “தம்பி, இதில் உமக்கு எவ்வளவு வரும்?” என்று வினவினோம். பரிமாறிய இளைஞர் முதலாளியின் மேசையை ஒருமுறை நோக்கினார், பின்பு, “ஐயா, இன்னும் தண்ணீர் வேணுமோ?” என்றார். நாம் மேலும் வினவவில்லை.

சேவையின் பெயராற் பெற்றது பணிசெய்தோரைச் சேரல் வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ, 1991 முதல், இத்தகைய பணியாளருக்கு முதலாளி மணிக்கு 2.13 டொலர் கொடுத்து, குறைந்தபட்சக் கூலியின் எஞ்சிய பகுதியை உண்போர் தரும் பணத்தால் நிரப்ப இடந்தருகிறது. ஜப்பானில் அவ்வாறு கொடுக்கும் வழக்கமே இல்லை, உபசாரம் குறையவுமில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! சேவைக் கட்டணம் யார் கைக்குச் செல்கிறதென்று, எம்மைப்போலப் பரிமாறியவரிடமன்று, முதலாளியிடமே வினவுங்கள். கொடுப்பதைத் தட்டின்கீழ் மறைக்காது, நன்றி கூறிக் கையிற் கொடுங்கள். கூலி நிறைந்த கையில் விழும்போதே அச்சிறு காசு சந்தோஷமாகும். வெறுங்கையில் விழுமாயின் அது முதலாளியின் கடனை நாம் அடைத்ததாகும்.