தலைக்காயத்துக்குப் பின், வீட்டோடு ஓர் ஆள்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தலையில் அடிபட்டும் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பியபின் வரும் மாதங்களுக்குத்தான் யாரும் வழிசொல்வதில்லை. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். அதனால் வீட்டோடு தங்கிப் பார்க்க ஓர் ஆளைத் தேடுகிறார்கள்.

வருகிறவர் நர்ஸா, அட்டெண்டரா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். அட்டெண்டர் குளிப்பாட்டலாம், ஊட்டலாம், புரட்டிப் படுக்கவைக்கலாம். ஊசி போடுவதும் தொண்டைக் குழாயை மாற்றுவதும் அவர் வேலையல்ல. சம்பளத்தை மிச்சம்பிடிக்க நினைத்து இந்த எல்லையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது, காயத்தின் தன்மை. உடைந்த எலும்பு கூடியதும் கால் பழையபடி நடக்கும். மூளைக்காயம் அப்படியல்ல. நெற்றிக்குப் பின்னாலிருக்கும் பகுதி அடிபட்டால், தானாக எழுந்து ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலே போய்விடலாம். அதை வீட்டார் சோம்பல் என்பார்கள். கோபத்தை அடக்கும் பிடி தளரலாம். அதைத் திமிர் என்பார்கள். இரண்டும் காயத்தின் வேலை. நினைவு திரும்பிவரும் வழியில் குழம்பிக் கத்துவதும், குழாயைப் பிடுங்குவதும், கையை ஓங்குவதும் பலருக்கு வந்துபோகிற ஒரு கட்டம். அப்போது பதிலுக்குச் சத்தம் போடாமல் டிவியை அணைத்து, வந்தவர்களை வெளியே அனுப்பி, ஒரே குரல் மெதுவாகப் பேசினால் போதும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹார்லிக்ஸும் பழமுமாக வந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்று ஆளாளுக்குக் கேட்பது நம் ஊர் வழக்கம். அன்பால்தான் கேட்கிறோம். ஆனால், பெயர் நினைவுக்கு வராமல் தவிப்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தோல்வி. "சித்தப்பா வந்திருக்கேன்பா" என்று நாமே சொல்லிவிடலாம். கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். இதை உறவினரிடம் சொல்லும் சங்கடத்தை வேலைக்கு வந்தவர் தலையில் கட்டாமல் வீட்டாரே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்துகொடுப்பவரே நல்ல ஆள் என்று நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டைப் பொத்தானைப் போட நோயாளிக்குப் பத்து நிமிடம் ஆனாலும் பக்கத்தில் காத்திருப்பவரே நல்ல ஆள். மூளை தன் வழிகளைத் திரும்ப அமைத்துக்கொள்வது, செய்து செய்து பழகுவதால்தான். கீரமங்கலத்தில் பூக்கட்டிப் பழகிய பெண்ணுக்கு நேற்று நடந்தது மறந்திருக்கலாம். கை பழகிய முடிச்சு மறக்காமல் இருக்கலாம். அவர் மடியில் பூவையும் நாரையும் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகப் பல ஆண்டுகளும் வரும்.

விழுங்குவதில் மட்டும் அவசரம் கூடாது. படுத்த நிலையில் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டும்போதே இருமல் வந்தாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட வேண்டும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. தூக்கம் அளவுக்கு மீறினாலும், வாந்தியோடு தலைவலி வந்தாலும், வலிப்பு வந்தாலும் உடனே 108.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இரவிலும் அதைச் செய்கிறவர் எப்போது தூங்குவார்? 'வீட்டோடு' என்றால் 24 மணி நேர வேலை என்று பொருளாகாது. இரவில் பாதியை வீட்டார் ஏற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் வேண்டும்.

வீட்டோடு இருந்து பார்ப்பவரின் சம்பளம் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வராது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால், அது பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. கைகால் நன்றாக இருந்து நினைவும் நிதானமும் போனவரை எதில் சேர்ப்பது என்ற சிக்கலில் குடும்பங்கள் அலைகின்றன. இதை அரசு தெளிவாக்க வேண்டும்.

பணமில்லாமலே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் வேலூர் பாகாயத்தில் உருவான சிஎம்சி மறுவாழ்வு மையத்தில், கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சி தருகிறார்கள். முள்ளூரிலும் டிஸ்சார்ஜுக்குச் சில நாள் முன்பே பராமரிக்கப்போகிறவரை வார்டுக்கு வரவழைத்து, புரட்டுவதையும் ஊட்டுவதையும் செவிலியர் முன்னால் செய்யவைக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும்போது அடுத்த பாடத்தை அந்தப் பராமரிப்பாளருக்கே சொல்லிக்கொடுக்கலாம்.